துடைக்காத எட்டாவது பலகை

சோதனைத் திடலில் பலகை துடைப்பதுதான் என் வேலை. ஓட்டுநர் இல்லாத வண்டி கிளம்புவதற்குமுன் எட்டு 'நில்' பலகைகளும் பளபளவென்று இருக்க வேண்டும். வண்டியின் கேமரா அவற்றைப் படித்துத் தானே நிற்கும். ஆறு மாதமாக ஒருமுறைகூடத் தவறவில்லை என்று மேலாளர் மார்தட்டிக்கொள்வார். துடைத்துவைத்த பலகையைப் படிப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று நான் முணுமுணுத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை முதல் அந்த வண்டி எங்கள் தெருவில் ஓடும் என்றார்கள். தெருமுனையில் இருக்கும் 'நில்' பலகையை நம்பித்தான் என் மகள் தினமும் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகிறாள். அதன்மேல் 'வீடு வாடகைக்கு', 'கணக்கு டியூஷன்' என்று யார் யாரோ ஒட்டிய காகிதங்கள், பாதி கிழிந்து தொங்கும். மனிதர்களுக்கு அது இன்னமும் 'நில்'தான். வண்டிக்கு? மேலாளரிடம் இரண்டு தடவை கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார்.

வெள்ளிக்கிழமை அனுமதி கொடுக்கும் அதிகாரி வந்தார். அன்று ஏழு பலகைகளைத் துடைத்தேன். எட்டாவதில், எங்கள் தெருப் பலகையில் உள்ள அதே இடங்களில், அதே அளவில், நாலு காகிதத் துண்டுகளை ஒட்டினேன்.

ஏழு இடத்தில் வண்டி சமர்த்தாக நின்றது. எட்டாவதில் வேகம்கூடக் குறையவில்லை. கண்காணிப்புத் திரையில் 'வேக வரம்பு நாற்பத்தைந்து' என்று காட்டிக்கொண்டே, சோதனைக்காகக் குறுக்கே நிறுத்தியிருந்த குழந்தைப் பொம்மையைத் தூக்கி எறிந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

நான் நாசவேலை செய்துவிட்டதாக மேலாளர் அதிகாரியிடம் சொன்னார். வேண்டுமென்றேதான் ஒட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒட்டியவருக்கு அப்படியொரு எண்ணமே கிடையாது, பாவம் டியூஷன் எடுக்கிறவர் என்றும் சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மேலாளர் துணியை என் கையில் திணித்தார். துடைத்தால் மறுபடி ஓட்டலாம், மாட்டேன் என்றால் இனி வரவேண்டாம் என்றார்.

துணியை வண்டியின்மேல் போட்டேன். "இதை நான் துடைச்சிடுவேன் சார். ஊர்ல இருக்கிறதை எல்லாம் யார் துடைக்கிறது?"

இது லட்சத்தில் ஒன்று, மற்றபடி வண்டி பத்திரமானது என்று அதிகாரிக்கு விளக்க ஆரம்பித்தார் மேலாளர்.

"பத்திரம்னா, பொம்மை இருந்த இடத்துல நீங்க போய் நில்லுங்க சார். காகிதம் அப்படியே இருக்கட்டும். வண்டியை விடச் சொல்லுங்க."

அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதிகாரி அனுமதித் தாளில் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. அந்த வண்டிக்கும் இல்லை.