மச்சான் வீட்டு வாசலில் கொதித்த கார்

பனியன் கம்பெனி அர்த்தநாரி 1964-இல் ஊட்டி எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கினார். மலையிறக்கத்தில் உருண்டும், மேட்டுப்பாளையத்திலிருந்து கொட்டும் மழையில் நனைந்தும் திருப்பூர் வந்து சேர்ந்ததால், அதன் குணம் அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மனைவி பொன்னாத்தாளை ஏற்றிக்கொண்டு, வெள்ளிதோறும் போகும் பல்லடம் கோயிலுக்குக் கிளம்பினார். வீரபாண்டி தாண்டியதும் ரேடியேட்டர் மூடி சீறியது. முன்பக்கமெல்லாம் ஆவி. வண்டி நின்ற இடம் பொன்னாத்தாளின் அண்ணன் லிங்கசாமி வீட்டு வாசல்.

அந்த வீட்டோடு மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. லிங்கசாமி தன் மகள் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்பிவிட்டார், அர்த்தநாரி போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"நீயே போய்த் தண்ணி கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றார் அர்த்தநாரி.

பொன்னாத்தாள் கேட்டாள். தண்ணீர் வந்தது. ஊற்றிக்கொண்டு போனார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக் ஜமால் ஃபேன் பெல்ட்டை மாற்றினார். அடுத்த வெள்ளியும் அதே வாசல். வாட்டர் பம்ப்பை மாற்றினார். அதற்கடுத்த வெள்ளியும் அதே வாசல்.

"இனி இஞ்சினைப் பிரிச்சாத்தான் தெரியுமுங்க" என்றார் ஜமால்.

நான்காவது வெள்ளி, கார் வந்து நிற்கும்போது லிங்கசாமியே நிறைகுடத்தோடு ரோட்டோரம் நின்றிருந்தார். தோட்டத்துக் கிணற்றில் ஆயில் இஞ்சின் வைத்திருப்பவர் அவர். ஓர் இஞ்சின் கண்ணெதிரே வாரம் தவறாமல் கொதிப்பதை அவரால் சகிக்க முடியவில்லை.

"பொன்னா, வண்டிய ஆஃப் பண்ண வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லு."

"ஏனுங்க, ஆஃப் பண்ண வேண்டாமாமா."

"ஏன்னு கேளு" என்றார் அர்த்தநாரி, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"ஏனுங்கண்ணா?"

லிங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து காரின் முன்கம்பிகளுக்கு நேரே தொங்கவிட்டார். உள்ளே விசிறி இரைந்து சுற்றியது. துண்டு அசையவே இல்லை.

"அந்த விசிறி உறிஞ்சற உறிஞ்சலுக்குத் துண்டு கம்பியில போயி ஒட்டோணும். காத்தே போகலைன்னு அவருகிட்டச் சொல்லு."

"காத்தே போகலையாமா."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

"அவருக்குக் காது கேக்குதாமாங்கண்ணா" என்றாள் பொன்னாத்தாள். அவளுக்கு வாய் வலித்தது.

இஞ்சினை நிறுத்தச் சொல்லி, லிங்கசாமி கம்பிகளுக்கிடையே விரலை விட்டார். ரேடியேட்டர் என்று எல்லோரும் நினைத்திருந்த கறுப்பு, மெத்தென்று அழுந்தியது. முன்கம்பியைக் கழற்றினால், ரேடியேட்டரை முழுக்க மூடி, ஓரங்களில் நேர்த்தியாகக் கட்டியிருந்த கறுப்புத் துணி.

"ஊட்டிக் குளுருக்கு இஞ்சின் சூடேறோணும்னு அந்த மேனேஜரு கம்பளி போத்தி உட்டிருக்கறாரு. நம்மூரு வெயிலுக்கும் போத்திக்கிட்டே இருந்தா? கம்பளின்னு அவருகிட்டச் சொல்லு."

அர்த்தநாரி காரிலிருந்து இறங்கி வந்தார். துணியை வாங்கி இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். இருபது வருஷமாகத் துணியோடு கிடக்கும் விரல்கள் அவருடையவை.

"கம்பளி இல்லீங்க மச்சான். இது ஃபெல்ட்டு. நெய்யறதில்லை, அழுத்தறது."

"ஆட்டு மசுருதானுங்களே மாப்ள? அப்பக் கம்பளிதானுங்க."

"அதெப்படீங்க? நூலே இல்லியே! இழை எங்கீங்க, காட்டுங்க பாக்கலாம்!"

மூன்று வருஷத்தில் முதல்முறையாக இருவரும் நேருக்கு நேர் கத்திக்கொண்டார்கள். பொன்னாத்தாள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். தூது சொல்ல இனி ஒன்றும் இல்லை.

கொதிப்பு தணிந்ததும் லிங்கசாமி தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகினார். "ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துருவோங்க" என்று முன்சீட்டில் ஏறினார். அந்தத் துணியையும் கையோடு எடுத்துக்கொண்டார். கார் கிளம்பிப் போயே விட்டது. பொன்னாத்தாளை ஏற்றிக்கொள்ள இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அவள் ஒரு நிமிஷம் ரோட்டிலேயே நின்றாள். பிறகு வீட்டுக்குள் போனாள். அண்ணி சென்னம்மாள் தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

பல்லடம் வரைக்கும் போய்விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லையாம். வாசலில் சத்தம் கேட்டு, பாயில் படுத்திருந்த பொன்னாத்தாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அண்ணி, நான் நாளைக்குத்தான் வருவேன்னு அவருகிட்டச் சொல்லிருங்க."