வெறும் தண்ணீரில் ஒரு முகடு

சேலத்துக் கல்லூரி ஆய்வகத்தில் தீபிகா ஐந்து வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதது ஒரே கேள்வியைத்தான். காய்ச்சல் மருந்தும் ஒரு துணிச்சாயமும் கரைசலில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றனவா? பற்றினால், புற ஊதா ஒளியில் புதிதாக நீல ஒளிர்வு வரும். வந்தது. மருந்தைக் கூட்டக் கூட்டத் திரையில் அந்த ஒளிர்வின் முகடும் ஏறியது. நாளை அதை ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். இந்த மாதத்தோடு முனைவர் பட்டத்துக்கான பதிவுக்காலம் முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது.

இரவெல்லாம் அமிலத்தில் ஊறிச் சுத்தமான குப்பியில் வெறும் தண்ணீர் வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது எப்போதும் காலையில் முதல் வேலை. இன்று பாழாய்ப்போன கரண்ட் மத்தியானம் போய் வந்ததால் மறுபடி பார்த்தாள். தண்ணீரிலும் அதே முகடு. குப்பியைக் கழுவித் துடைத்து வைத்தாள். இன்னும் உயர்ந்தது.

துடைத்த துணியைப் பார்த்தாள். ஆய்வகத்தில் டிஷ்யூ தாளுக்கு என்றைக்கும் பஞ்சம். குமாரபாளையத்தில் வேட்டிக்கு வெளுப்பு மருந்து ஏற்றுவதுதான் அவள் வீட்டுத் தொழில். அம்மா மஞ்சுளா மெல்லிய துண்டுகளாக வெட்டி, இரண்டு தரம் வெளுத்து அனுப்புவாள். அதைத் திரியாகச் சுருட்டிக் குப்பிக்குள்ளும் விட்டுத் துடைப்பாள் தீபிகா. புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தாள். துணி நீலமாக ஒளிர்ந்தது; வேட்டியைப் பளிச்சென்று காட்டும் வெளுப்பு மருந்தின் ஒளிர்வு.

ஒவ்வொரு துடைப்புக்கும் வெளுப்பு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பியில் சேர்ந்திருக்கிறது. ஏறியது அதுதான். காய்ச்சல் மருந்தும் சாயமும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெறியாளர் சந்திரசேகரிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, இந்தத் தண்ணீர்ச் சோதனையை எந்தக் குழுவும் கேட்டதில்லை, வாயைத் திறக்காமல் இரு என்றார். பெரிய மனிதர், வேறென்ன சொல்வார்.

திரும்பி வந்து, துணி படாத புதுக் குப்பியில் எல்லாக் கரைசலையும் வைத்துப் பார்த்தாள். முகடே இல்லை. நாளைக்கு வரவில்லை என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கருவியின் மேல் தலை சாய்த்து அழுதாள்.

அம்மாவின் போன் வந்தது.

"ஏஞ்சாமி, புதுசா வெளுத்து வெச்சிருக்கறேன். நாளைக்கு வாரப்ப கொண்டாரட்டா?"

"வராதம்மா. நாளைக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் போச்சு."

"நான் குடுத்துவுடறதுல ஏதாச்சும் கொறையா சாமி?"

தீபிகா அந்தத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. ரொம்ப வெள்ளையா இருந்துச்சு."