சர்வர் ரூமுக்கு ஏசி

“டோமினிக் தம்பி, ஏசி வேற மாட்டப் போறாங்களாமே? மொதலாளிக்கு இவ்வளவு மனசா!”

தர்மராஜ் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டோமினிக் சொல்லவில்லை.

பாலக்கரையில் இருந்த அந்தச் சைவ ஹோட்டலில் இருவரும் ஒன்றாக சர்வர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டோமினிக் மேனேஜராகிவிட்டான். வயதில் மூத்த தர்மராஜ் இன்னும் இட்லித் தட்டு சுமந்துகொண்டிருந்தார். கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் காலை நீட்டிப் படுப்பார். சர்வர்கள் உடை மாற்றுவதும் அங்கேதான்.

அந்த அறையைத்தான் முதலாளி கேட்டார். பாலக்கரை, ஸ்ரீரங்கம், லால்குடி என்று எல்லாக் கடைகளின் பில்லையும் கேமராவையும் ஒரே இடத்திலிருந்து ஓட்டக் கம்ப்யூட்டர் வருகிறதாம். “வெள்ளிக்கிழமைக்குள்ள சர்வர் ரூம் ரெடியாகணும்” என்றார். தூசி ஆகாது, ஜன்னலை அடைக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் இருக்கக் கூடாது, ஏசி ராப்பகலாக ஓட வேண்டும்.

டோமினிக் கடைக்கு வந்து ஒரே வரியில் சொன்னான்: “சர்வர் ரூமை மராமத்து பண்றோம்.”

சர்வர் என்றால் அவர்களுக்கு அவர்கள்தான்.

பெயிண்டர் வராமல் கழுத்தறுத்தபோது தர்மராஜே ஆள் திரட்டினார். “நம்ம ரூம்தானேப்பா, நாமளே அடிப்போம்.” ஓய்வு நேரத்தையெல்லாம் விட்டுச் சுவரைச் சுரண்டினார்கள்.

“ஏசியில படுத்தா செல்லக்கண்ணு எந்திரிப்பானா? கஸ்டமர்தான் வந்து எழுப்பி ஆர்டர் சொல்லணும்!”

சர்வர்களில் சின்னவனான செல்லக்கண்ணுவைத் தர்மராஜ் சீண்ட, எல்லோரும் சிரித்தார்கள். டோமினிக்கும் சிரித்து வைத்தான். வேலை முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

“வாஷ்பேசினை ஏன் தம்பி கழட்டச் சொல்றே? மூஞ்சி கழுவ வேணாமா?”

“அது... புதுசா வருதுண்ணே.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பெலிண்டா வந்தாள். பின்னாலேயே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அறையைச் சுற்றிப் பார்த்தவள் சுவரருகில் நின்றாள். வரிசையாக ஆணிகள். நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

“சர்வர் ரூம்ல இதெல்லாம் எதுக்கு சார்? உள்ள யாரும் தங்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே?”

தர்மராஜ் பெட்டியைக் காட்டினார். “இது என்னம்மா?”

“இதுதாங்க சர்வர்.”

செல்லக்கண்ணு மட்டும் களுக்கென்று சிரித்து, கூட யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றி, தோள் துண்டால் துடைத்தார்.

“நாங்கன்னு நெனச்சுட்டோம்மா” என்றவர், டோமினிக் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “ஆணியெல்லாம் பிடுங்கிடவா, சார்?”

சார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் அவனுக்கு இலை போட்டதும் தர்மராஜ்தான். “சாருக்கு ரசமா, மோரா?” கூட்டம் ஓய்ந்ததும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடைத்த நரம்பைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் புது ஏசி அந்தப் பெட்டிக்காக ஓடிக்கொண்டிருந்தது.

டோமினிக் எழுந்தான். தன் கேபினுக்குள் போய் மேஜையை இழுத்துவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டான். நாற்காலியையும் கொண்டுவந்தான். முதலாளி கேட்டால் கேட்கட்டும். காலியான கேபினில் ஃபேனைச் சுழல விட்டு, பாயை விரித்துவிட்டு வந்தான்.

“தப்பு என்னோடதுதான்ணே. எனக்கு மொதல்லயே தெரியும். வாங்க, இனிமே இதுதான் சர்வர் ரூம்.”

தர்மராஜ் எழுந்து வந்தார். உள்ளே காலை வைக்கவில்லை. வாசலில் நின்று பாயைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

“எந்த சர்வருக்கு, சார்?”