மரின் இடத்தில் உட்கார்ந்தவர்

"அண்ணி, இன்னிக்கே பதில் சொல்லியாகணும். வண்டியில ஆளு காத்துக்கிட்டிருக்கான்," என்றான் நேலு. தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றிருந்தான்.

வேத்தா தலை நிமிரவில்லை. மேசையில் கோதுமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மரினுக்கு நாற்பதாம் நாள். இறந்தவனுக்கு வைக்கும் இனிப்புக் கோதுமையில் ஒரு கல் கிடந்தாலும் மறு உலகத்தில் அவன் பல்லில் படும் என்பார்கள்.

"ரெண்டு ஆட்டுக்குட்டி அண்ணி. ஊருக்கே சூப்பு, முட்டைக்கோஸ் இலையில சுத்துன உருண்டை, பந்தல், மேசை, பிளம் சாராயம். எல்லாம் லிவியு ஐயா பொறுப்பு. நீங்க ஒரு கரண்டியைக்கூட நகர்த்த வேணாம்."

"நான் கேட்டேனா?"

"அவருக்கா மனசு வந்து செய்றாரு."

"தேர்தலுக்கு மொத நாள் பாத்து மனசு வந்துச்சாக்கும்."

நேலு தொப்பியைக் கழற்றினான். அவன் மரினின் தம்பி. அண்ணனின் அதே அகலமான நெற்றி; ஆனால் அண்ணன் அந்த நெற்றியை இப்படி வியர்க்க விட்டு வேத்தா பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேயர் தேர்தல். சனிக்கிழமை காலையிலிருந்து யாரும் வாக்குக் கேட்கக் கூடாது. கூட்டம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. ஆனால் செத்தவன் பெயரில் ஊரைக் கூட்டிச் சோறு போடுவதை எந்த அதிகாரியும் தடுக்க முடியாது. ஜியு ஆற்றங்கரையில் மணல் குவாரி வைத்திருக்கும் லிவியு தெர்ஷானுக்கு இதை யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஊரின் ஒவ்வொரு மின்கம்பத்திலும் அவர் முகம் தொங்கியது. முகத்துக்குக் கீழே இரண்டே வரி: "செலவெல்லாம் என் சொந்தப் பணம். யாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை."

ஊருக்கு அந்த இரண்டு வரியும் பிடித்திருந்தது. இதற்கு முன் இருந்த மேயர்கள் யார் யாரிடமோ கை நீட்டி ஜெயித்து, ஜெயித்த பிறகு அவர்களுக்கே சாலையையும் காட்டையும் எழுதிக் கொடுத்தவர்கள். இவருக்கு அந்த அவசியமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அவருக்குச் சாலையும் காடும் ஏற்கெனவே இருந்தன.

மரின் அந்தக் குவாரியில்தான் இறந்தான். இரவு ஷிப்டில் கரை சரிந்து, தண்ணீர் நிறைந்த பள்ளத்துக்குள் அவனை இழுத்துக்கொண்டு போனது. ஆனால் மறுநாள் குவாரியின் மேலாளர் போலீசிடம் சொன்னது வேறு. 'மரின் வோய்க்கு' என்ற பெயரில் எங்களிடம் வேலைக்காரன் யாரும் இல்லை. இருட்டில் மணல் திருட வந்திருப்பான். எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவனுக்கு ஒரு நாளும் பதிவு இல்லை. அன்று அவனோடு ஷிப்டில் இருந்த நான்கு பேருக்கும் பதிவு இல்லை. அவர்கள் நால்வரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாலு பேரில் ஒருவனான கீட்சா மட்டும், அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு சாக்கை வேலிக்கு மேலாக வீசிவிட்டு நிற்காமல் நடந்தான். சாக்குக்குள், பள்ளத்துத் தண்ணீரின் ஈரம் இன்னும் காயாமல், மரினின் ஆரஞ்சு நிற வேலைக் கோட்டு இருந்தது. முதுகில் குவாரியின் பெயர். மார்பில் 'மரின் வோய்க்கு' என்று எழுதிய வெள்ளைத் துணிப்பட்டை. அந்தப் பட்டைகளைக் குவாரி கொடுக்கும். தைத்துக்கொள்வது வீட்டுப் பெண்கள். வேத்தா இரட்டை நூலில் தைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் ஆய்வாளரிடம் போனாள். "பழைய கோட்டு எங்க வேணும்னாலும் கிடைக்கும்மா. பேரை நீயே தைக்கலாம்," என்றார் அவர். அதைத் தைத்தது நான்தான் என்பது வாஸ்தவம்தானே என்று திரும்பும் பஸ்ஸில் அவளுக்கே தோன்றியது.

அன்று முதல் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மரின் அங்கே வேலை செய்தான் என்று ஊரில் ஒருத்தராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். திருடன் என்ற பெயரோடு அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரக் கூடாது.

"இன்னொண்ணு அண்ணி," என்று நேலு தயங்கினான். "அண்ணன் உடுப்பை வாங்கிக்கிட்டு, அண்ணன் இடத்துல உக்காந்து சாப்பிடுறதுக்கு... அவரே வர்றேங்கிறாரு."

வேத்தாவின் விரல் நின்றது.

நாற்பதாம் நாளில் இறந்தவனின் வயதுள்ள ஒருவனுக்கு உடுப்புத் தானம் கொடுப்பது வழக்கம். அவன் அதை அங்கேயே உடுத்திக்கொண்டு, மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவனுக்காகச் சாப்பிட வேண்டும். வாங்கியவன் உடுத்துவது இறந்தவனுக்குப் போய்ச் சேரும். அவன் தின்பதும் அப்படியே.

"எந்தப் பணக்காரன் செய்வான் சொல்லுங்க? புது கறுப்பு சூட்டு ஒண்ணு அவரே வாங்கி அனுப்பியிருக்காரு. அதை நீங்க அவருக்குத் தானமாக் கொடுத்தாப் போதும். போட்டோக்காரன் கிரயோவா டவுன்ல இருந்து வர்றான்."

"உனக்கு என்ன தர்றாராம்?"

நேலு ஜன்னல் பக்கம் பார்த்தான். "மேயர் ஆபீஸ் வண்டிக்கு டிரைவர் வேணுமாம்."

கோதுமையைக் கையால் கூட்டிக் குவித்தாள் வேத்தா. அவளிடம் இருந்தது இந்தக் கோதுமையும் ஆறு கோழிகளும். அதை வைத்து ஊரைக் கூப்பிட முடியாது. கூப்பிடாவிட்டால் மரின் அங்கே பசியோடு நிற்பான். கூப்பிட்டாலும், திருடன் வீட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள்?

"சரின்னு சொல்லு. ஆனா உடுப்பை நான்தான் என் கையால கட்டிக் கொடுப்பேன். வேற யாரும் மூட்டையைத் தொடக் கூடாது."

"அண்ணின்னா அண்ணிதான்!" நேலு அவள் கையை முத்தமிட வந்தான். அவள் கையை மாவுத்துணியில் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோதுமையை ஒன்பது தண்ணீரில் கழுவினாள். ஆறாவதா ஏழாவதா என்று சந்தேகம் வந்தபோது, முதலிலிருந்து மறுபடி கழுவினாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒதீலியா எட்டிப் பார்த்தாள். அண்டை வீடு, வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி வேத்தா, தான் வாங்குன சூட்டைத் தானே தானம் வாங்கிக்கிறாராமே உங்க முதலாளி? தன் காசுலயே தேர்தல் நடத்துறவரு, தன் காசுலயே புண்ணியமும் பண்ணிக்கிறாரு போல. கடவுளுக்குக்கூட அஞ்சு காசு செலவில்ல!"

"நாளைக்கு வருவீங்கதானே அக்கா?"

"வராம? ஆட்டுக்கறின்னு சொன்னாங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஓட்டும் அவருக்குத்தான்டி. சொல்லிடுறேன், அப்புறம் மனசுல வெச்சுக்காத. குளிருக்கு விறகு இறக்குறேன்னுருக்காரு."

சனிக்கிழமை முற்றம் முழுக்க வெள்ளைப் பந்தல். இத்தனை பேரை அந்த வீடு கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. குவாரி ஆட்கள் கடைசி மேசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீட்சா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிரியார் ஜெபம் சொல்லித் தூபம் காட்டி முடித்ததும், லிவியு எழுந்தார். சிறு வயதிலேயே நகரத்துக்குப் போய்ப் பணத்தோடு திரும்பியவர். பேச்சு மட்டும் இன்னும் ஊர்ப் பேச்சுதான். அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

"இன்னிக்கு ஓட்டைப் பத்தி நான் பேசக் கூடாது, பேசவும் மாட்டேன்," என்றார். சிலர் சிரித்தார்கள். "நம்ம ஊரு மரின், பாவம், ஒரு இருட்டுல தப்பான இடத்துக்குப் போயிட்டான். போனது போகட்டும். செத்தவன் மேல எனக்குக் கோபம் இல்ல. என் சொந்தப் பணத்துல அவனுக்கு ஒரு வாய் சோறு. வேறென்ன மனுஷன் செய்ய முடியும்?"

"கடவுள் மன்னிக்கட்டும்," என்று கூட்டம் முனகியது. அந்த மன்னிப்பு இறந்தவனுக்கு எல்லோரும் சொல்வதுதான். இன்று மட்டும் வேத்தாவுக்கு அது திருட்டுக்கான மன்னிப்பாகக் கேட்டது.

அவள் உள்ளே போய் மூட்டையோடு வந்தாள். வெள்ளைத் துண்டில் கட்டிய மூட்டை. முடிச்சில் ஒரு மெழுகுவர்த்தி. அதைத் தூபத்தின் மேல் மூன்று முறை சுற்றினாள்.

"இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் மரினுக்கு," என்று நீட்டினாள்.

போட்டோக்காரன் மண்டியிட்டு உட்கார்ந்தான். லிவியு இரண்டு கையாலும் வாங்கினார். "கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்று நிதானமாக, கேமராவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே ஆரஞ்சு நிறம்.

பந்தலில் கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. லிவியு கோட்டைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டு நேலுவைப் பார்த்தார். நேலுவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சூட்டு எங்கம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"அது உங்களோடதுங்க. உள்ள பத்திரமா இருக்கு, போறப்ப எடுத்துக்கங்க. இதுதான் அவரோடது."

"போடுங்க ஐயா," என்றாள் ஒதீலியா, வாயில் ரொட்டியோடு. அவள் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. "கையில வாங்கிட்டா போட்டே ஆகணும். வாங்கிப் போடாம வெச்சா மரின் அங்க அம்மணமா நிப்பான்."

பாதிரியார் தூபக் கலயத்துக்குள் நெருப்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். லிவியு சுற்றிலும் பார்த்தார். நாளைக்கு வாக்களிக்கப்போகிற ஊர் மொத்தமும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். மரின் பெரிய உடம்புக்காரன். கோட்டின் கை அவர் விரல்களைத் தாண்டித் தொங்கியது. முதுகில் அவருடைய குவாரியின் பெயர். மார்பில் மரினின் பெயர். இரண்டு பெயரையும் ஒரே உடம்பில் எல்லோரும் படித்தார்கள்.

போட்டோக்காரனைப் போதும் என்று யாரோ தோளில் தட்டினார்கள்.

வேத்தா அவரைத் தலைமாட்டு நாற்காலியில் உட்காரவைத்துச் சூப்பை ஊற்றினாள்.

"நல்லா சாப்பிடுங்க. ராத்திரி ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவருக்கு ரெண்டு தட்டு வேணும்."

லிவியு கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். அது இறங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

"மூணு," என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கீட்சா. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "வீட்டுல ரெண்டு, ஷெட்டுக்கு வந்து ஒண்ணு. எட்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்கேன். மூணு தட்டு."

அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான். வேத்தா மூன்றாவது தட்டு சூப்பையும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லிவியு தெர்ஷான் ஜெயித்தார். எதிர்த்து நின்றவருக்கு அவருடைய சொந்தத் தெருவே வாக்களிக்கவில்லை. மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது: கையில் மெழுகுவர்த்தியும் வெள்ளை மூட்டையுமாகத் தலை குனிந்த லிவியு. முடிச்சு இன்னும் அவிழாத படம். திங்கட்கிழமை கீட்சா குவாரி வாசலுக்குப் போனபோது அப்படி ஒரு ஆள் அங்கே வேலை பார்த்ததே இல்லை என்றார்கள். ஒதீலியா வீட்டில் விறகு இறங்கியது.

செவ்வாய்க்கிழமை நேலு வந்தான். புதிய காரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை முன்னால் நீட்டியபடி நடந்து வந்தான், அது சுடுகிற பாத்திரம் மாதிரி.

"அளவு சரியில்லையாம் அண்ணி. யாராவது ஏழைக்குக் குடுத்துடச் சொன்னாரு."

வேத்தா பையை வாங்கவில்லை.

"தானம் வாங்குனதைத் திருப்பிக் குடுக்கிறவன் உண்டாடா? அவருக்குத் தெரியாது, நகரத்துல வளந்தவரு. உனக்குமா தெரியாது? இப்ப உங்கண்ணன் அங்க என்ன உடுத்தியிருப்பாரு?"

"தெரியும்," என்றான் நேலு. "சொன்னேன் அண்ணி. சத்தியமா சொன்னேன். 'நீ வண்டி ஓட்டுறதை மட்டும் பாரு'ன்னாரு."

பையைப் படியில் வைத்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேத்தா கோட்டை வெளியே எடுத்து உதறினாள். யாரோ துவைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடித்திருந்தார்கள். மார்பில் பெயர்ப்பட்டை இல்லை. கத்தி வைத்து அறுத்திருந்தார்கள். அவள் போட்ட இரட்டை நூலின் முனைகள் நான்கு பக்கமும் நின்றன. பட்டை இருந்த இடத்தில் மட்டும் வெயில் படாத துணி, புதிதாக வாங்கிய அன்று போல் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. கோட்டில் கண்ணுக்கு முதலில் படுவது இப்போது அதுதான்.

அவள் முற்றத்தைக் கடந்து, குவாரி லாரிகள் போகிற சாலையைப் பார்த்த வேலியில் அதைக் கை விரித்துத் தொங்கவிட்டாள். மார்புப் பக்கம் சாலையை நோக்கி இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒதீலியா நின்றாள், புரிந்துகொண்டாள், சிலுவை போட்டுக்கொண்டாள். திருப்பி வந்த தானத்தைத் தன் வாழ்நாளில் அவள் பார்த்ததில்லை. ஒரு லாரி வேகம் குறைந்தது. டிரைவர் தொப்பியை எடுத்தான். பிறகு அவசரமாக கியரை மாற்றினான்.

"எடுத்துடுங்க அண்ணி," என்றான் நேலு பின்னாலிருந்து. "மேயர் தெனம் இந்த வழியாத்தான் போவாரு."

"காயட்டும்."

"அது காஞ்சுதானே இருக்கு. இஸ்திரி போட்டு அனுப்புனாங்க."

வேத்தா கோட்டின் ஒரு கையை நேராக இழுத்துவிட்டாள்.

"இல்ல நேலு. பள்ளத்துத் தண்ணி. அவ்வளவு சீக்கிரம் காயாது."