தம்பியின் குரல் இருந்த ஃபோல்டர்

என் தம்பியின் குரலை அழித்தது நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இருபத்திரண்டு வருடமாகக் கணினியோடு மாரடிக்கிறவள் நான். தெரியாத வேலையில் கை வைத்துக் கெடுத்திருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த வேலை.

தம்பி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பதினான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனை மைக் என்றே கூப்பிடுவார்கள். எல்லா அறிவிப்பையும் நேரடியாகவே சொல்வான். "பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அலுத்துப்போய்ப் பதிவு செய்து வைத்திருந்தான். கால் மணிக்கு ஒரு தரம் அது தானாக ஒலிக்கும். வீட்டிலும் அதே தோரணைதான். "குளியலறை காலியாக உள்ளது, அடுத்த பயணி வரலாம்" என்பான். "வாயை மூடுடா" என்று நான் கத்துவேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருடம் அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

ஒருவருடைய குரலைப் பழக்கிவிட்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசுகிற மென்பொருள் ஃப்ரேம்வொர்க் ஒன்று இணையத்தில் இருந்தது. காசில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆயத்தமாகக் கிடைக்காது. மூலநிரலை இறக்கி, நம் கணினியில் ஓடும்படி நாமே கட்டி எடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதை பில்ட் என்போம். நான் தம்பியின் லேப்டாப்பில் அதைக் கட்டினேன். அவன் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே, வெளிச்சத்தம் கேட்காமல், இரண்டாயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்களைப் படித்தான். நான் கொடுத்தவை போதாதென்று சொந்தச் சரக்கும் சேர்த்தான். "ரிமோட்ட எங்க வெச்ச?" "உப்புப் பத்தல." "அக்கா, உன் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?"

அந்தப் பதிவுகளையும், அவற்றிலிருந்து பழக்கிய குரலையும் மூலநிரல் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டேன். அந்தப் பதிப்பு குரலை அங்கேதான் தேடும். தனி இடம் அமைக்க அரை நாள் வேலை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சிகிச்சை முடிந்து வந்தவன், மடியில் லேப்டாப்பை வைத்து முதலில் தன் மனைவியைத்தான் கூப்பிட்டான். "ஏய் குண்டு, இங்க வா." அச்சு அசல் அவன் குரல். அவள் வரவில்லை. சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்து விம்மிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு குறை. தட்டச்சு செய்து முடித்த பிறகு குரல் வர ஏழு நொடி ஆகும். அவன் அடித்த ஜோக், எல்லோரும் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு தனியாக வந்து நிற்கும்.

வீட்டில் அதைச் சமாளித்தோம். ஆனால் நிலைய மேலாளர் நல்ல மனிதர், மேலிடத்தில் பேசி, தம்பி மறுபடி வேலைக்கு வரலாம், திங்கட்கிழமை ஒரு தரம் பேசிக் காட்டட்டும் என்று சொல்லியனுப்பினார். ஏழு நொடி அங்கே ஆகாது. ஃப்ரேம்வொர்க்கின் புதுப் பதிப்பில் அந்தத் தாமதம் இல்லை என்று போட்டிருந்தார்கள். அப்டேட் செய்ய, சனிக்கிழமை காலையில் நான் போய் உட்கார்ந்தேன்.

தம்பி லேப்டாப்பை என்னிடம் தருவதற்கு முன் எதையோ தட்டினான். ஏழு நொடி கழித்துக் குரல் வந்தது. "பேக்கப் இருக்காக்கா?"

"யாருகிட்ட என்ன கேக்குற? தினம் ராத்திரி தானா பேக்கப் ஆகுது. நாந்தான செட் பண்ணேன்."

அவன் சிரித்து லேப்டாப்பை நீட்டினான். அவன் குரல் என்னோடு பேசியது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

புதிய மூலநிரலை இறக்கிக் கட்டத் தொடங்கினேன். பாதியில் நின்றது. மறுபடி கட்டினேன், அதே இடத்தில் நின்றது. பழைய பில்டின் மிச்சசொச்சம் புதியதோடு முட்டிக்கொள்கிறது என்று புரிந்தது. அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூலநிரலாக வந்த கோப்புகளைத் தவிர அந்த ஃபோல்டரில் வேறு எது இருந்தாலும் துடைத்துவிடும் ஒரு கட்டளை. ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்து தரம் அடிப்பேன். அன்றும் அடித்தேன். யோசிக்கவே இல்லை. விரல்தான் அடித்தது.

பில்ட் சரசரவென்று ஓடியது. இரண்டு மணி நேரம். தம்பி மனைவி காபி கொடுத்தாள், குடித்தேன். முடிந்தது. பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்து, குரல்களின் பட்டியலைத் திறந்தேன். ஒன்றுதான் இருந்தது. மூலநிரலோடு மாதிரிக்கு வரும் யாரோ ஒருவனுடைய குரல்.

பேக்கப் டிஸ்க்கைச் சொருகினேன். கல்யாணப் படங்கள் இருந்தன, கரண்ட் பில் ரசீதுகள் இருந்தன, பார்க்காத சினிமா நாற்பது இருந்தது. அந்த ஒரு ஃபோல்டர் இல்லை. நான்தான் அதை பேக்கப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தேன். மூலநிரல் இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், அதை எதற்கு இடத்தை அடைத்து வைப்பது என்பது என் கொள்கை. ஜூனியர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மாலைவரை பார்த்தார். "அழிஞ்ச உடனே ஆஃப் பண்ணிருந்தா ஏதாவது பாத்திருக்கலாம் மேடம். நீங்க அதுக்கு மேலயே ரெண்டு மணி நேரம் எழுதியிருக்கீங்க" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். தம்பி எழுந்து போய், துணி அலமாரியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினான்.

அவன் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவரு ரெண்டாவது தடவ ஊமையாயிட்டாரு அண்ணி" என்றாள்.

ஞாயிறு முழுக்க எல்லோருடைய போனையும் குடைந்தோம். அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஜாதியில்லை, நேரே கூப்பிட்டுப் பேசுகிறவன். கல்யாண வீடியோவில் அவன் வாய் திறக்கும்போதெல்லாம் மேளம். எல்லாம் சேர்த்து நாற்பது நொடிகூடத் தேறவில்லை. குரலைப் பழக்க மணிக்கணக்கில் வேண்டும்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். மேலாளர் அறையில் அவன் தட்டச்சு செய்தான். தட்டி முடித்த நொடியே, ஒரு பிசிறில்லாமல், அந்த யாரோ பேசினான். "மூன்றாம் நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்."

மேலாளர் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெளிவாத்தான் இருக்கு. ஆனா இது உன் குரல் இல்லையேப்பா. ஜனங்களுக்குப் பழகின குரல், அது வேணும்னு சொல்லித்தான் மேல பேசினேன். இந்தக் குரல எந்த மெஷின்லயும் போட்டுக்கலாம். அதுக்கு ஒரு ஆள் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

எல்லாத் தப்பும் என்னுடையது என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அவர் தலையாட்டினார். என் தப்பைக் கேட்டு அவர் என்ன செய்வார், பாவம்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும்." பக்கத்திலிருந்த அம்மாள் பேச்சை நிறுத்தாமலே பையைக் காலுக்கருகே இழுத்துக்கொண்டாள். என் தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து, அந்த வாக்கியம் முடியும்வரை நின்றான். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நிலையத்தில் நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அவன் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டினான். விரலை எடுக்கவில்லை, அதற்குள் அந்த யாரோ சொன்னான்.

"அழாதக்கா. பாரு, லேட்டே ஆகல."