பன்னிரண்டாம் அதிகாரத்தில் இல்லாத வசனம்

ஞாயிறு வகுப்பில் டீச்சருக்கு மிகவும் பிடித்தது வசனம் தேடும் போட்டி. அவள் எண்ணைச் சொல்வாள். பிள்ளைகள் வேதத்தைப் புரட்டுவார்கள். முதலில் கண்டுபிடிப்பவர் எழுந்து வாசிக்க வேண்டும். அன்று கடைசிக் கேள்விக்குக் குறிப்பு எழுதி வரவில்லை. மனப்பாடமாக இருந்ததைச் சொன்னாள்: வேதத்தின் கடைசிப் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம், இருபத்தோராம் வசனம்.

பக்கங்கள் சலசலத்தன. யாரும் எழவில்லை. முன்வரிசை ரெட்டைச் சடைக்காரி மட்டும் பக்கத்தில் விரலை வைத்தபடி, "டீச்சர், பதினேழோட முடிஞ்சிடுது" என்றாள்.

டீச்சர் தன் வேதத்தைத் திறந்தாள். பதினேழுதான்.

அவள் மனப்பாடம் செய்திருந்த வசனம் இதுதான்: 'வானம் சுருளும் நாட்களில் தொட்டில் கட்டாதிருங்கள்.' உலக முடிவைப் பற்றி ஏழு பாகங்களாக வந்த திகில் நாவலின் இரண்டாம் பாகத்தில், அதிகார எண்ணோடு தடித்த எழுத்தில் இருந்த வரி அது. வேதத்தில் கோடு போடும் அதே சிவப்புப் பென்சிலால் அதற்கும் கோடு போட்டிருந்தாள். கதையில் ஒரு போதகரே சொல்கிறார், வேதத்தில் இல்லாமலா போகும்? அதை நம்பித்தான் ஒன்பது வருடங்களுக்கு முன் கணவரிடம் குழந்தை வேண்டாம் என்றாள். இப்போது வயது நாற்பத்தாறு. மாதவிலக்கு நின்றே ஒரு வருடமாகிறது.

வீட்டில் கணவர் நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். அவள் நாவலைக் கையில் எடுத்தாலே, "உங்க அண்ணன் இன்னைக்கு எத்தனை ஊரைக் கொளுத்தினார்?" என்று எழுத்தாளரை வம்புக்கு இழுப்பவர். வேதத்தையும் நாவலையும் அவள் விரித்து வைத்தபோது கிண்டல் வரவில்லை.

"தெரியும்" என்றார். "நீ சொன்ன மறுநாளே தேடிப் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

சுத்தமாகிவிட்ட விரலையே மறுபடி துடைத்தார். "உனக்கு என்கூடப் பிள்ளை பெத்துக்கப் பிடிக்கல, அதை நேரா சொல்ல மனசு வராம நீ வசனத்தைச் சாக்கா சொல்றேன்னு நெனச்சேன். அந்தச் சாக்கையும் பிடுங்கணுமான்னு விட்டுட்டேன்."

அவளைப் பொய் சொன்னவள் என்று நினைத்துக்கொண்டே ஒன்பது வருடங்களாக அவள் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். புத்தகம் ஏமாற்றியதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. இதைத்தான் முடியவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீயும் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்லம்மா."

அவள் மீதி ஆறு பாகங்களையும் அலமாரியிலிருந்து இறக்கத் தொடங்கினாள். உதவ அவர் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றாள்.