தனியே போக அனுமதி

அன்று காலை அவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து, அன்றைய பேப்பரை விரித்து அதன்மேல் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் படிக்கவே இல்லடா அதை."

"விளையாட்டுப் பக்கத்துலதான்க்கா வெட்டறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டே."

"கழுதை வயசாகுது, நகம் வெட்ட இடம் தெரியல" என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். அவன் சிரித்துக்கொண்டே தாளை நகத்தோடு மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, குடியை நிறுத்தும் மையத்துக்குக் கிளம்பினான். இருவரும் முகம் பார்த்துப் பேசியது அதோடு சரி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தடவை குடியை விட்டு, இரண்டு தடவையும் அதனிடமே திரும்பிப் போனவன். மூன்றாம் தடவை மையத்து ஆலோசகர், அவனையும் மனைவியையும் அக்காவையும் எதிரே உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். மூன்று மாதம் உள்ளேயே தங்கினால் நல்லது. இல்லையென்றால் தினமும் காலையில் வந்து சாயங்காலம் போகலாம். ஆனால் நாலரைக்கு வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும்.

"உள்ளயே வெச்சுக்குங்க சார்" என்றாள் மனைவி.

"என் தம்பி என்ன திருடிட்டு வந்தவனா, உள்ள போட?"

"அண்ணி, அவரோட மல்லுக்கட்டறது நீங்க இல்ல."

"அப்போ என் வீட்டுல இருக்கட்டும். உனக்குப் பாரமா இருக்கலாம், எனக்கில்ல."

"பாரம்னு நான் சொன்னேனா?"

அவனோ வேறு யாருக்கோ துணைக்கு வந்தவன்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம் முடிங்க, பசிக்குது" என்றான்.

அக்கா ஜெயித்தாள். அதில் தம்பி மேல் பாசம் பாதி. அவன் பெண்டாட்டியிடம் தோற்கக்கூடாது என்கிற வீம்பு பாதி.

பதிமூன்று நாள், வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து முன்னதாகவே கிளம்பிப்போய் மைய வாசலில் நின்றாள். பதினான்காம் நாள் அவன் சொன்னான்: "எல்கேஜி புள்ளயக் கூட்டிட்டுப் போற மாதிரி வந்து நிக்கிறே. காவலாளி 'உங்கம்மா வந்தாச்சு'ங்கறான். எனக்கு நாப்பத்திரெண்டு வயசுக்கா." அவள் மனம் இளகிவிட்டது. தனியே போக அனுமதிக்கலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மனைவி போனில் விசாரித்தபோது, "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாளே தவிர, அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

நகம் வெட்டியது இருபதாம் நாள். நாலரைக்கு வெளியே வந்தவனுக்குப் பழைய வாடிக்கையாளரிடமிருந்து போன்: குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். போகிற வழியில் குடித்திருக்கிறான். நாலாவது மாடியில் கதவைத் திறந்து, அங்கே இல்லாத லிஃப்டுக்குள் கால் வைத்தான்.

ஒரு மாதம் கழித்து, அவனுடைய கருவிப் பையை எடுத்துப்போக மனைவி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"திட்டணும்னா திட்டிடு" என்றாள் அக்கா.

"திட்ட வரல. திட்டினா உங்களுக்கு லேசாயிடும்."

"உள்ள வெச்சிருந்தாலும் மூணு மாசத்துல வெளிய வந்திருப்பான். வந்து இதையேதான் செஞ்சிருப்பான். நீயே சொல்லு, அவனை உனக்குத் தெரியாதா?"

மனைவி பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அந்த ஒரு வார்த்தைய என் வாயிலேர்ந்து பிடுங்கப் பார்க்காதீங்க அண்ணி. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இனிமே தெரியப்போறதில்ல. தெரியாமயே இருங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரோட துண்டும் டம்ளரும் அந்த மையத்துலயே கிடக்காம். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கணுமாம். அதுலதான் உங்களுக்குக் கை பழகியிருக்கே."

மறுநாள் அக்கா போனாள். கையெழுத்துப் போட்டாள். துண்டையும் டம்ளரையும் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறினாள். மேலே கம்பிக்கதவு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எண்ணிக்கொண்டே இறங்கினாள்.

பகலில் வந்துபோகிறவர்களுக்குக் கீழ்த்தளம். தங்குகிறவர்களுக்கு மேல்தளம். நடுவே இருப்பது பதினெட்டுப் படிகள்.